குக்கீ பட்டியலைத் திறந்து பாருங்கள்

"உங்கள் தனியுரிமையை நாங்கள் மதிக்கிறோம்" என்று ஒரு பெட்டி திரையில் பாதியை மறைத்துக்கொண்டு வந்து நின்றால், அதற்கு அடுத்த வரியைக் கட்டாயம் படியுங்கள். பெரும்பாலும் "நாங்களும் எங்கள் கூட்டாளிகளும்" என்றுதான் தொடங்கும். 'கூட்டாளிகள்' என்பதன் மேல் ஒரு லிங்க் இருக்கும், அழுத்தினால் ஒரு பெயர்ப் பட்டியல் திறந்து கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும், சில தளங்களில் நூற்றுக்கணக்கில். ஒரு பக்கச் செய்தி வாசிக்க வந்த ஆளைப் பற்றி இத்தனை நிறுவனங்களுக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. பெரிதாகவும் பளிச்சென்றும் இருக்கும் பொத்தானை அழுத்திவிட்டு வந்த வேலையைப் பார்க்கிறோம்.

இந்தப் பெட்டிகள் நம்மிடம் அனுமதி கேட்பது குக்கீக்கு, அதாவது ஒரு தளம் நம் பிரவுசரில் எழுதிவைக்கும் சின்னக் குறிப்புக்கு. இவற்றால் வந்த வினை, குக்கீ என்றாலே உளவு வேலை என்று பலர் நினைக்கத் தொடங்கியதுதான். அதோடு, எதையாவது அழுத்திப் பெட்டியை விரட்டிவிட்டால் தனியுரிமை விஷயம் முடிந்தது என்ற பழக்கமும் சேர்ந்துகொண்டது. இணையதளங்கள் கட்டும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்து வேறு. நாம் பொத்திப் பாதுகாக்க வேண்டிய குக்கீ ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி எந்தப் பெட்டியும் நம்மிடம் கேட்காது. நாம் அண்டவிடக் கூடாத குக்கீ ஒன்று இருக்கிறது, அது கேட்கும்போது தந்திரமாகக் கேட்கும். அப்புறம், முன்னதைப் போல வேடம் போட்டுக்கொண்டு பின்னதன் வேலையைச் செய்யும் மூன்றாவது ரகமும் உண்டு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கண் பழகிவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் குக்கீ எதற்கு வந்தது என்று பார்த்துவிடுவோம். வெப் ஓடுவது எச்டிடிபி என்ற நெறிமுறையில். அதற்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டீர்கள், கொடுத்தது, அத்தோடு மறந்துவிட்டது. அடுத்த நொடி இன்னொரு பக்கம் கேட்டால் நீங்கள் புது ஆள். வெறும் கட்டுரைகளைப் படிப்பதற்கு இது போதும், ஆனால் கூடையில் பொருளைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் கூடை காலியாகிவிடும். 1994ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொன்டுல்லி என்ற புரோகிராமர் இதற்குத் தீர்வாகக் கொண்டுவந்ததுதான் குக்கீ. இணையக் கடை ஒன்றுக்காகத் தொடங்கிய வேலை, வாங்குபவரின் பாதி முடிந்த விவரங்களை சர்வரில் வைக்காமல் அவரவர் கணினியிலேயே வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. பெட்டியை வைத்துவிட்டுப் போகும் லக்கேஜ் அறையில் கொடுக்கும் டோக்கன் மாதிரிதான் அது. டோக்கனில் உங்கள் பெயர் இருக்காது, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றும் இருக்காது, ஒரு எண் மட்டும் இருக்கும். அதை நீட்டினால் பெட்டி வரும். யார் நீட்டினாலும் வரும், அதுதான் சிக்கல்.

நடப்பதும் ரொம்ப எளிது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டதும் சர்வர் அனுப்பும் பதிலின் தலைப்பகுதியில் 'செட்-குக்கீ' என்று ஒரு வரி வரும். அதில் ஒரு பெயர், ஒரு சமக்குறி, பார்த்தால் ஒன்றும் புரியாத நீளமான எழுத்துக் கோவை, அதற்குப் பிறகு அரைப்புள்ளி போட்டுச் சில நிபந்தனைகள். எந்தத் தளத்துக்குச் சொந்தம், எப்போது காலாவதி, பூட்டுப்போட்ட, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாத இணைப்பில் மட்டும் அனுப்ப வேண்டுமா, அந்தப் பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம் இதைத் தொடலாமா, வேறொரு தளத்திலிருந்து கோரிக்கை வந்தால் கூடவே அனுப்பலாமா என்பவைதான் அந்த நிபந்தனைகள். பிரவுசர் அதை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு அந்தத் தளத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையோடும் நீங்கள் கேட்காமலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரு குக்கீயின் அளவு சுமார் 4 கிலோபைட்டுக்குள். அதில் வைரஸும் இருக்காது, புரோகிராமும் இருக்காது, உங்கள் ஃபைல்களை அது படிக்கவும் முடியாது. அது வெறும் எழுத்து, தானாக ஒன்றும் செய்யாது.

இப்போது அந்த முதல் ரகம், அதாவது லாகின் குக்கீ. பாஸ்வேர்டு கொடுத்து, ஓடிபி போட்டு, விரல்ரேகை வைத்து உள்ளே போகிறீர்கள். இத்தனை சோதனையும் முடிந்தபிறகு சர்வர் உங்கள் கையில் கொடுப்பது ஒரு செஷன் குக்கீ. செஷன் என்பது நீங்கள் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரை உள்ள காலம். அதற்குப் பிறகு நீங்கள் யார் என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. அது இன்னொருவர் கையில் கிடைத்தால் அவருக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

இதை உலகத்துக்கே புரியவைத்தது 2010 அக்டோபரில் வந்த ஃபயர்ஷீப் என்ற எக்ஸ்டென்ஷன், அதாவது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு குட்டி புரோகிராம். எரிக் பட்லர் என்பவர் எழுதியது. அந்தக் காலத்தில் பல பெரிய தளங்கள் லாகின் பக்கத்தை மட்டும் பூட்டுப்போட்ட எச்டிடிபிஎஸ்ஸில் வைத்துவிட்டு, உள்ளே போனதும் பூட்டில்லாத எச்டிடிபிக்கு இறங்கிவிடும். பாஸ்வேர்டு பத்திரமாகப் போகும், குக்கீ எல்லோர் கண்ணிலும் படும்படி காற்றில் போகும். ஒரே திறந்த வைஃபையில் உட்கார்ந்துகொண்டு ஃபயர்ஷீப்பை ஓட்டினால், சுற்றியிருப்பவர்களின் கணக்குகள் படத்தோடு பக்கவாட்டில் வரிசையாக வரும், ஒன்றின் மேல் இருமுறை தட்டினால் அவராகவே உள்ளே நுழைந்துவிடலாம். வலைப்பாதுகாப்பு ஆட்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஓட்டைதான், ஆனால் எந்தத் தொழில்நுட்பமும் தெரியாதவர்கூட அழுத்தக்கூடிய பொத்தானாக அது மாறியபிறகுதான் நிறுவனங்களுக்குச் சூடு பட்டது. ஃபேஸ்புக் எல்லோருக்கும் எச்டிடிபிஎஸ்ஸை இயல்புநிலையாக்கி முடித்தது 2013ல். மற்ற தளங்களும் ஒவ்வொன்றாக மாறின, 2015 கடைசியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான சான்றிதழை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்ததும் சின்னத் தளங்களுக்கும் சாக்குச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

காற்றில் பிடிக்கும் வழி அடைபட்டதும் திருடர்கள் நேராகக் கணினிக்குள்ளேயே வந்துவிட்டார்கள். கிராக் செய்த சாஃப்ட்வேர், ஸ்பான்சர்ஷிப் ஒப்பந்தம் என்று மின்னஞ்சலில் வரும் போலி பிடிஎஃப், இப்படி எதையாவது திறந்தால் உள்ளே வரும் ஒருவகை மால்வேர், பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் குக்கீகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடும். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற மிகப்பெரிய யூடியூப் சேனல் பறிபோனது இப்படித்தான். தொழில்நுட்பத்தையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அவர்கள், அவர்களின் ஊழியர் ஒருவர் திறந்த போலி இணைப்பு போதுமானதாக இருந்தது. இப்படித் திருடிய குக்கீகளை விற்பதற்கென்றே ஜெனிசிஸ் மார்க்கெட் என்று ஒரு சந்தை நடந்தது, பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து 2023 ஏப்ரலில் அதை மூடின. அந்த நடவடிக்கைக்கு 'ஆபரேஷன் குக்கீ மான்ஸ்டர்' என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல நகைச்சுவை உணர்வுள்ளவர்.

ஆகவே ஒரு தளம் உங்கள் தனியுரிமையை மதிக்கிறதா என்று பார்க்க நான் முதலில் கவனிப்பது அதன் பெட்டியில் எழுதியிருக்கும் வாசகத்தை அல்ல, அதன் லாகின் குக்கீயை. எச்டிடிபி-ஒன்லி என்ற குறி போட்டிருந்தால் பக்கத்தில் எவராவது நுழைத்துவிட்ட ஸ்கிரிப்ட்டால் அதைப் படிக்க முடியாது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2002லேயே கொண்டுவந்த விஷயம், இன்றைக்கும் அதைப் போடாத தளங்கள் இருக்கின்றன. செக்யூர் குறி இருந்தால் பூட்டில்லாத இணைப்பில் போகாது. சேம்சைட் என்ற குறி, வேறு தளத்தில் மறைத்துவைத்த ஒரு ஃபார்ம் உங்கள் பெயரில் பணப் பரிமாற்றக் கோரிக்கையை அனுப்பாமல் தடுக்கும். குரோம் 2020லிருந்து, யாரும் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் சேம்சைட்டை ஓரளவு கண்டிப்பான நிலையில் தானே வைத்துக்கொள்கிறது. இதெல்லாம் ஒரு டெவலப்பருக்குச் சில சொற்கள் டைப் அடிக்கும் வேலை. அப்புறம் லாக்அவுட். சில தளங்களில் லாக்அவுட் அழுத்தினால் உங்கள் பிரவுசரில் இருக்கும் குக்கீ மட்டும் அழியும், சர்வர் பக்கத்தில் அந்த செஷன் உயிரோடேயே இருக்கும். ஏற்கெனவே யாராவது நகல் எடுத்து வைத்திருந்தால் அவர் பாட்டுக்கு உள்ளே இருந்துகொண்டிருப்பார். பாஸ்வேர்டு மாற்றினாலும் பழைய செஷன்களைத் துண்டிக்காத தளங்களும் உண்டு. இதைப் பற்றி ஒரு வார்த்தை எந்தத் தனியுரிமைக் கொள்கையிலும் நான் படித்ததில்லை.

சரி, இரண்டாவது ரகத்துக்கு வருவோம். ஒரு வலைப்பக்கம் என்பது ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. கட்டுரை ஒரு சர்வரிலிருந்து, படம் இன்னொன்றிலிருந்து, விளம்பரம் வேறொன்றிலிருந்து, ஷேர் பொத்தான் மற்றொன்றிலிருந்து. இவை ஒவ்வொன்றும் தன் பதிலோடு தன் குக்கீயையும் அனுப்பலாம். அதே விளம்பர நிறுவனம் பத்தாயிரம் தளங்களில் உட்கார்ந்திருந்தால், பத்தாயிரம் இடத்திலும் உங்கள் பிரவுசர் அதே எண்ணை அதனிடம் நீட்டும், கூடவே எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்பதையும் சொல்லும். காலையில் மூட்டுவலி பற்றிப் படித்தது, மதியம் வேலை தேடியது, இரவு விவாகரத்துச் சட்டம் பார்த்தது எல்லாம் ஒரே எண்ணின் கீழ் ஒரே பட்டியலாகச் சேரும். விளம்பரம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றுகூட அவசியமில்லை, ஒரு பிக்சல் அகலமும் ஒரு பிக்சல் உயரமும் உள்ள வெற்றுப் படம் போதும்.

இது இப்படி ஆகும் என்று ஆரம்பத்திலேயே தெரியாமல் இல்லை. 1997 பிப்ரவரியில் குக்கீக்கான முதல் அதிகாரபூர்வத் தரநிலை வந்தபோது, இப்படி அந்நியத் தளங்கள் வைக்கும் குக்கீகளை பிரவுசர்கள் இயல்பாக அனுமதிக்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். எழுதியவர்களில் மொன்டுல்லியும் ஒருவர். நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்ட்டும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1996ல் தொடங்கிய டபுள்கிளிக் என்ற இணைய விளம்பர நிறுவனம் இந்தக் கதவு வழியாகத்தான் வளர்ந்தது. 1999ல் அது அபாகஸ் டைரக்ட் என்ற, மக்கள் கேட்டலாக் வழியாக எதை வாங்கினார்கள் என்ற விவரங்களைப் பெயர், முகவரியோடு வைத்திருந்த நிறுவனத்தை வாங்கியது. பெயரில்லாத குக்கீ எண்ணையும் பெயருள்ள இந்தப் பட்டியலையும் இணைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பெரிய எதிர்ப்பு கிளம்பி, அமெரிக்க வர்த்தக ஆணையம் விசாரணை தொடங்கி, 2000ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். பிறகு 2008ல் 310 கோடி டாலருக்கு டபுள்கிளிக் கூகுளிடம் போய்ச் சேர்ந்தது.

ஒரு நிறுவனத்தின் குக்கீயை இன்னொரு நிறுவனம் படிக்க முடியாது என்பது பிரவுசரின் விதி. அந்த விதியைச் சுற்றிப் போகவும் வழி கண்டுபிடித்தார்கள். உங்களுக்கு என்னிடம் ஒரு எண், அவரிடம் வேறொரு எண். நான் என் எண்ணை முகவரியிலேயே ஒட்டி அவருடைய சர்வருக்கு உங்கள் பிரவுசரைத் திருப்பி அனுப்பினால், அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வார். குக்கீ சிங்க் என்பார்கள். பெட்டியில் வரும் அந்த நீண்ட கூட்டாளிகள் பட்டியல் எதற்கு என்று கேட்டேனே, பெரும்பாலும் இதற்குத்தான். பக்கம் திறக்கும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் உங்களுக்கு விளம்பரம் காட்டும் உரிமை ஏலத்துக்குப் போகிறது, ஏலத்தில் பங்கெடுப்பவர்கள் உங்களை அடையாளம் காண எண்கள் பொருந்த வேண்டும்.

இனி மூன்றாவது ரகம். இதைப் புரிந்துகொள்ள ஒரு வேலை செய்யுங்கள். கணினியில் ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். குரோம் என்றால் 'அப்ளிகேஷன்', ஃபயர்ஃபாக்ஸ் என்றால் 'ஸ்டோரேஜ்' என்ற பகுதிக்குப் போனால் குக்கீ என்று ஒரு அட்டவணை இருக்கும். பெயர், மதிப்பு, டொமைன் (எந்தத் தளத்துக்குச் சொந்தம் என்பது), காலாவதி என்று பத்திகள். மதிப்பைப் பார்த்துத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். டொமைனையும் காலாவதியையும் மட்டும் பாருங்கள். நீங்கள் வந்திருக்கும் தளத்தின் பெயர் இல்லாத டொமைன் எதுவாக இருந்தாலும் அது நீங்கள் அழைக்காமலேயே கூட வந்த ஆள். காலாவதியில் 'செஷன்' என்று இருந்தால் பிரவுசரை மூடினால் போய்விடும் (பழைய டேப்களை மீட்டெடுக்கும் வசதி இயக்கத்தில் இருந்தால் அதுவும் போகாது, அது தனிக் கதை). தேதி ஒரு வருடத்தைத் தாண்டி இருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்த என்னை ஒரு வருடம் கழித்து எதற்கு அடையாளம் காண வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குரோம் 2022லிருந்து எந்தக் குக்கீக்கும் 400 நாளுக்கு மேல் ஆயுள் கொடுப்பதில்லை. ஆனால் நீங்கள் திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் தளம் அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

அந்த அட்டவணையில் அடிக்கோடு போட்டு 'ஜிஏ' என்று ஒரு பெயர் அநேகமாகக் கண்ணில் படும். தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிடிக்ஸ் என்ற கருவி வைப்பது. அதன் மதிப்பில் புள்ளிவைத்துப் பிரித்த எண்கள் இருக்கும். கடைசி எண், 1970லிருந்து எண்ணிவரும் நொடிக் கணக்கு, நீங்கள் அந்தத் தளத்துக்கு அந்த பிரவுசரில் முதன்முதலாக வந்த நேரம். 1700000000 என்று இருந்தால் 2023 நவம்பர் 14 என்று அர்த்தம். அதற்கு முந்தைய எண் உங்களுக்கென்று குலுக்கிப் போட்டது. பக்கத்திலேயே அடிக்கோடோடு 'எஃப்பிபி' இருந்தால் அது ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பிக்சல் என்ற கண்காணிப்பு ஸ்கிரிப்ட் வைத்தது, ஆயுள் 90 நாள். இப்போது டொமைன் பத்தியைப் பாருங்கள். இரண்டிலும் கூகுள் பெயரோ ஃபேஸ்புக் பெயரோ இருக்காது, நீங்கள் வந்த தளத்தின் பெயர்தான் இருக்கும். வெளியாளின் ஸ்கிரிப்ட், வீட்டுக்காரரின் பெயரிலேயே குக்கீ வைத்துவிட்டு, அதைப் படித்துத் தன் சர்வருக்கு அனுப்புகிறது. அந்நியக் குக்கீகளை பிரவுசர் எவ்வளவு கறாராகத் தடுத்தாலும் இது தடைபடாது. நியாயமாகச் சொன்னால் ஜிஏ எண் தளத்துக்குத் தளம் வேறு வேறாக இருக்கும், அதை மட்டும் வைத்து உங்களை ஊர் முழுக்கப் பின்தொடர முடியாது. ஆனால் அதே பக்கத்தில் நீங்கள் மின்னஞ்சல் கொடுத்து லாகின் செய்து, தளம் அந்த மின்னஞ்சலைக் குழப்பியடித்த வடிவில் விளம்பர நிறுவனத்துக்கு அனுப்பினால், எல்லாத் தளத்திலும் அது ஒரே மாதிரிதான் குழம்பி வரும். அங்கே எண்கள் மறுபடி பொருந்திவிடும். குக்கீக்கு வேலையே இல்லை.

இத்தனைக்கும் நடுவில் சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு இ-பிரைவசி ஆணையை 2009ல் திருத்தி, பயனரின் கருவியில் எதையும் சேமிக்கும் முன் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார்கள். பயனர் கேட்ட சேவைக்குக் கண்டிப்பாகத் தேவைப்படும் குக்கீகளுக்கு, அதாவது லாகின், கூடை போன்றவற்றுக்கு, விதிவிலக்கு. 2018 மே 25ல் ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்ததும் ஒப்புதல் என்றால் என்ன என்பதற்கு வரையறை கடுமையானது. 2019 அக்டோபரில் பிளானட்49 என்ற நிறுவனத்தின் வழக்கில், முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குக்கீ எத்தனை நாள் இருக்கும், வேறு யார் படிப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும் என்றது. 2022 ஜனவரியில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது. காரணம் ரொம்பச் சாதாரணமானது: ஏற்க ஒரு கிளிக், மறுக்கப் பல கிளிக்.

சட்டத்தில் குறையில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்குக் கீழ்ப்படிந்த விதத்தில்தான் எல்லா வில்லங்கமும். ஒப்புதல் இல்லாமல் வேண்டாத குக்கீயை வைக்காதே என்று சட்டம் சொன்னதை, வேண்டாத குக்கீக்கு ஒரு பெட்டி போடு என்று புரிந்துகொண்டார்கள். அந்தப் பெட்டியின் வடிவமைப்பைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 'அனைத்தையும் ஏற்கிறேன்' நிறம் நிரப்பிய பொத்தான், அதன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் 'விருப்பங்களை நிர்வகி'. அதற்குள் போனால் வரிசையாக ஸ்விட்சுகள். எல்லாம் அணைந்தே இருக்கின்றன, பரவாயில்லையே என்று நினைத்து மூடப் போவீர்கள். பக்கத்தில் 'சட்டபூர்வ நலன்' என்று இன்னொரு டேப் இருக்கும். அதற்குள் அதே கூட்டாளிகள், அதே நோக்கங்கள், ஆனால் ஸ்விட்சுகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும். ஒப்புதல் தேவையில்லை, எங்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது என்று நிறுவனமே சொல்லிக்கொள்ளும் பகுதி அது. அணைப்பதென்றால் ஒவ்வொன்றாக. எல்லாம் அணைத்துவிட்டு நிமிர்ந்தால் கீழே மறுபடி இரண்டு பொத்தான், 'என் தேர்வுகளைச் சேமி' சின்னதாக, 'அனைத்தையும் ஏற்கிறேன்' பெரிதாக. இதை வடிவமைத்தவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று நன்றாகவே தெரியும்.

இன்னொரு வேடிக்கை. 'வேண்டாம்' என்று நீங்கள் சொன்னதை ஞாபகம் வைக்கவும் ஒரு குக்கீ வேண்டும். தினமும் எல்லாக் குக்கீயையும் அழிப்பவர்கள்தான் தினமும் எல்லாப் பெட்டியையும் பார்க்கிறார்கள்.

பெட்டியை நம்புவதைவிட பிரவுசரை நம்பலாம் என்பது என் அனுபவம், ஆனால் எந்த பிரவுசர் என்று பார்க்க வேண்டும். ஆப்பிளின் சஃபாரி 2017ல் கட்டுப்பாட்டைத் தொடங்கி 2020 மார்ச்சில் அந்நியக் குக்கீகளை முழுமையாகவே தடுத்துவிட்டது. ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கீகளுக்கு ஏழு நாள்தான் ஆயுள் என்றும் வரம்பு போட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனில், ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி டப்பா என்ற ஏற்பாட்டை எல்லோருக்கும் இயல்பாக்கியது. ஒரு தளத்தில் வைத்த விளம்பரக் குக்கீ இன்னொரு தளத்தில் கண்ணில் படாது. குரோம் மட்டும் 2020 ஜனவரியில், இரண்டு வருடத்துக்குள் அந்நியக் குக்கீயை ஒழிக்கிறோம் என்று அறிவித்தது. பிறகு 2023 என்றார்கள், பிறகு 2024, 2024 ஜனவரியில் நூற்றில் ஒருவருக்கு மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள், பிறகு 2025, 2024 ஜூலையில் ஒழிக்கப்போவதில்லை, தேர்வை உங்களிடமே விடுகிறோம் என்றார்கள், 2025 ஏப்ரலில் அதற்கென்று தனியாகக் கேட்கவும் போவதில்லை என்று முடித்துவிட்டார்கள். விளம்பரத்தில் வாழும் நிறுவனம் பிரவுசரும் செய்தால் இப்படித்தான் இழுபடும் என்று சொல்வது எளிது, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் முழுக்க நியாயம் சொல்வதென்றால், கூகுள் தடுத்துவிட்டுத் தான் மட்டும் லாகின் தரவை வைத்துச் சம்பாதிக்கும் என்று போட்டி நிறுவனங்களும் பிரிட்டனின் போட்டி ஆணையமும் கேட்ட கேள்வியும் வலுவானதுதான்.

குக்கீயைத் தடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. உங்கள் திரையின் அளவு, நேர மண்டலம், நிறுவியிருக்கும் எழுத்துருக்கள், பிரவுசர் பதிப்பு, மறைவாக ஒரு படம் வரையச் சொன்னால் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு அதை எப்படி வரைகிறது என்பதில் வரும் நூலிழை வித்தியாசம், இவற்றையெல்லாம் சேர்த்தாலே ஆளை ஓரளவு அடையாளம் கண்டுவிடலாம். 2010ல் இணைய உரிமைகளுக்கான அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் நடத்திய சோதனையில் சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் பிரவுசர்களில் 83.6 சதவீதம் தனித்து அடையாளம் தெரியும்படி இருந்தன. குக்கீயையாவது அழிக்கலாம், அட்டவணையில் பார்க்கலாம். இதைப் பார்க்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அதனால்தான் குக்கீ மேல் எனக்கு அவ்வளவு கோபம் வருவதில்லை.

ஒரே இடத்தில் 'என்னைப் பின்தொடராதே' என்று சொல்லிவிட்டால் என்ன என்ற யோசனை பழையது. பிரவுசரே தளத்திடம் சொல்லிவிடும் 'டூ நாட் டிராக்' என்ற சமிக்ஞையைக் கொண்டுவந்தார்கள், கேட்டு நடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லாததால் பெரும்பாலோர் கேட்கவில்லை, அதற்கான தரநிலைக் குழு 2019ல் கலைந்தது. அதன் வாரிசாக 2020ல் வந்த குளோபல் பிரைவசி கன்ட்ரோலுக்குக் கொஞ்சம் பல் இருக்கிறது. கலிஃபோர்னியா சட்டப்படி அந்தச் சமிக்ஞையைத் தளங்கள் மதிக்க வேண்டும், மதிக்காததும் ஒரு காரணமாகச் செஃபோரா என்ற அழகுசாதன நிறுவனம் 2022ல் 12 லட்சம் டாலர் கட்ட வேண்டிவந்தது. ஐரோப்பிய ஆணையமும் 2025 நவம்பரில், பெட்டிகளைக் குறைத்து பிரவுசரிலேயே விருப்பத்தைச் சொல்லிவிடும் ஏற்பாட்டை முன்மொழிந்திருக்கிறது. முன்மொழிவு சட்டமாகும்போது பார்த்துக்கொள்வோம்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிரவுசர் செட்டிங்ஸில் அந்நியக் குக்கீகளைத் தடுத்துவிட்டேன், குரோமிலும் அந்த வசதி இருக்கிறது, நாமே போய் இயக்க வேண்டும் அவ்வளவுதான். விளம்பரத் தடுப்பான் ஒன்று, யூபிளாக் ஆரிஜின் மாதிரி நம்பிக்கையானது, அது குக்கீயைத் தடுப்பதைவிட முக்கியமாக அந்த ஸ்கிரிப்ட்டையே வரவிடாது. வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் தனி பிரவுசர் புரொஃபைல், அதில் எந்த எக்ஸ்டென்ஷனும் இல்லை, ஏனென்றால் அனுமதி கொடுத்துவிட்டால் எக்ஸ்டென்ஷனே குக்கீயைப் படிக்கலாம். முக்கியமான கணக்குகளில் 'எந்தெந்தச் சாதனத்தில் உள்ளே இருக்கிறீர்கள்' என்ற பக்கத்தை அவ்வப்போது பார்த்து, தெரியாததைத் துண்டிப்பது. எல்லாக் குக்கீயையும் தினமும் துடைக்கும் பழக்கத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஓயாமல் பாஸ்வேர்டு அடித்துக்கொண்டிருப்பவர் ஒருநாள் போலிப் பக்கத்திலும் யோசிக்காமல் அடித்துவிடுவார். இன்காக்னிடோ ஜன்னல், அதே கணினியைப் பயன்படுத்தும் அடுத்த ஆளிடமிருந்து மறைக்கும். நீங்கள் போகும் தளத்திடமிருந்து மறைக்காது.

சொந்தமாகத் தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. புதிதாக ஒரு புரொஃபைல் உருவாக்கி, உங்கள் தளத்தைத் திறந்து, பெட்டியில் எதையும் அழுத்தாமல் அந்த அட்டவணையைப் பாருங்கள். ஒப்புதல் கேட்கும் முன்பே குக்கீகள் வந்து உட்கார்ந்திருந்தால் உங்கள் பெட்டி வெறும் அலங்காரம். நான் கைவைத்த பழைய தளங்கள் பலவற்றில் இதுதான் நிலைமை, எப்போதோ யாரோ ஒட்டிய ஷேர் பொத்தான், யாரும் திறந்தே பார்க்காத அனலிடிக்ஸ், யூடியூப் வீடியோ. வீடியோவுக்கு 'நோகுக்கீ' என்ற பெயரிலேயே ஒரு தனி முகவரியை யூடியூபே தருகிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் பிளாசிபிள் மாதிரி குக்கீயே இல்லாத அனலிடிக்ஸ்கள் இருக்கின்றன, மட்டோமோவையும் அப்படி அமைக்கலாம். மிச்சம் இருப்பது லாகின் குக்கீ மட்டும் என்றால் பெட்டியே தேவையில்லை. புரோகிராமர்கள் தங்கள் கோடைப் பகிரும் தளமான கிட்ஹப் 2020 டிசம்பரில் அதைத்தான் செய்தது, தேவையற்ற குக்கீகளை எல்லாம் எடுத்துவிட்டுப் பெட்டியையும் தூக்கிவிட்டது. 2022ல் பெரிய நிறுவனங்களுக்கு விற்பதற்கான மார்க்கெட்டிங் பக்கங்களில் மட்டும் அந்தக் குக்கீகளை மறுபடி கொண்டுவந்தார்கள். விற்பனைக் குழு கேட்டால் யாரால்தான் மறுக்க முடிகிறது.